பெயர்ச்சொல் காவலர்களுக்கு

சென்ற மாதம் தேனியில் ஓர் இலக்கியக் கூட்டம். நான் பெரிதும் மதிக்கும் மூத்த நண்பர் ஒருவர் தம் உரையின் நடுவே வருத்தத்தோடு ஒன்றைச் சொன்னார். பேருந்தில் செல்போன் பேச்சு, தேநீர்க் கடையில் செல்போன் பேச்சு, கல்லூரி மரத்தடியிலும் அதே பேச்சு. எந்த மாடல், எத்தனை ஜிபி, எவ்வளவு நேரம் சார்ஜ் நிற்கும் என்பதற்கு மேல் இந்தத் தலைமுறைக்குப் பேச எதுவுமில்லை. அதுவாவது போகட்டும் என்றால், அந்தப் பேச்சில் தமிழும் இல்லை. அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

கம்பத்துக்குத் திரும்பும் பேருந்தில்தான் அந்த வாக்கியம் உறுத்தத் தொடங்கியது. தமிழ் இல்லை என்று காட்ட அவர் எடுத்துக்கொண்ட உதாரணத்திலேயே தமிழ் இருந்தது. 'சார்ஜ் நிற்கும்.' கண்மாயில் தண்ணீர் நிற்பதைப் போல நிற்கும். ஆங்கிலத்தில் பேட்டரிதான் மின்னைப் பிடித்து வைத்திருக்கிறது. நம் பேச்சில் மின்னே எழுவாய். அது ஏறுகிறது, நிற்கிறது, இறங்குகிறது. கண்மாயும் மடையும் பார்த்து வளர்ந்த சனங்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளைத் தண்ணீராக்கித் தம் மொழிக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் அதைக் கேட்கவில்லை. 'சார்ஜ்' என்ற சொல்லிலேயே நம் காது அடைத்துக்கொண்டது.

தமிழ் படித்தவர்களாகிய நாம் முப்பது ஆண்டுகளாகத் தவறான வாசலில் காவல் நிற்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு. பெயர்ச்சொற்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம். மொழியின் உயிர் வினைச்சொல்லில் ஓடுகிறது. அங்கே ஆக்கமும் நடக்கிறது, அழிவும் நடக்கிறது. இரண்டையும் நாம் பார்க்கவில்லை.

*

முதலில் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இளங்கலை மாணவர்களிடம் 'நான் அறிந்த தொழில்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். மாலை நேரங்களில் செல்போன் பழுதுபார்க்கும் கடையொன்றில் வேலை செய்துவந்த மாணவன், அந்தத் தொழிலைப் பற்றியே ஆறு பக்கம் எழுதிக்கொண்டுவந்தான். நான் சிவப்பு மையை எடுத்தேன். 'சார்ஜர்' என்று இருந்த இடத்திலெல்லாம் வட்டமிட்டு 'மின்னேற்றி' என்று எழுதினேன். 'டிஸ்பிளே'யைத் 'திரை' ஆக்கினேன். தாள் முழுக்கச் சிவந்தது. பத்துக்கு மூன்று மதிப்பெண். அந்த ஆறு பக்கத்தில் என்ன சொல்லியிருந்தான் என்பது இன்று எனக்கு நினைவில்லை. அன்றும் நான் அதைப் படிக்கவில்லை, திருத்தினேன்.

சென்ற ஆண்டு என் கைபேசியின் பின்மூடி மேலெழும்பி, உடல் பிளந்து நின்றது. பெட்டியில் அதனோடு வந்த தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பொடி எழுத்தில் எச்சரிக்கைகள் நிறைய இருந்தன. தமிழில் ஒரு வரி இல்லை. கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரன் அதே மாணவன். "வாங்கய்யா, மின்னேற்றி கொண்டாந்திருக்கீகளா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் பகை இல்லை. அதனால் கூடுதலாக உறைத்தது.

கைபேசியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பேட்டரி உப்பிருச்சுய்யா. உள்ள வாயு கட்டியிருச்சு. ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டு, அது மேலயே தலகாணிய வச்சிருப்பீக. இனிமே ஏறுனாலும் நிக்காது. வீட்டுல யாரும் ஊசியால கீசியால குத்திப் பாத்துராம, குத்துனா பத்திக்கிரும்."

ஐந்தே வாக்கியம். லித்தியம் பேட்டரியை அதிக வெப்பத்தில் வைத்திருந்தாலோ அளவுக்கு மீறி மின்னேற்றினாலோ உள்ளிருக்கும் மின்பகுபொருள் சிதைந்து வாயுவாகிறது. வெளியேற வழியில்லாமல் உறை வீங்குகிறது. அந்த உறையைக் குத்திக் கிழித்தால் தீப்பிடிக்கலாம். பெட்டியில் வந்த தாள் எனக்குச் சொல்லாததை அவன் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தான். உப்புதல், கட்டுதல், ஏறுதல், நிற்றல், குத்துதல், பற்றுதல் என எல்லாமே தமிழ் வினைகள். வயிற்று நோய்க்கு நம் பாட்டிமார் சொன்ன 'வாயு கட்டுதல்' பேட்டரிக்கும் பொருந்தியிருக்கிறது. அந்தப் பேச்சில் பிறமொழிச் சொற்கள் பேட்டரி, சார்ஜ் என இரண்டோ மூன்றோதான். நான் மூன்று மதிப்பெண் போட்டது இந்தத் தமிழுக்கு.

*

இலக்கணம் பேசுவோம், அது நம் சொந்த நிலம். தொல்காப்பியர் எச்சவியலில் செய்யுளுக்குரிய சொற்களை நான்காகப் பகுத்தபோது திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் வைத்தே பகுத்தார். வெளியிலிருந்து வருவதை வாசலில் நிறுத்தி விரட்டுவது அவர் வழி அன்று. வந்தது எப்படி உள்ளே நடக்க வேண்டும் என்றே அவர் விதி செய்தார். அந்த விதியைப் படிக்காத பழுதுபார்ப்பவன் வாயில் 'நெட்' என்பது 'நெட்டு' ஆகிறது, 'செட்' என்பது 'செட்டு' ஆகிறது. வல்லின ஒற்று இரட்டித்து உகரம் ஏறி, அசலான வன்றொடர்க் குற்றியலுகரமாக நிற்கிறது. 'சிம்மு' என்கிறான், 'செல்லு' என்கிறான். ஒலியைத் தமிழாக்கிக்கொண்டு வேற்றுமை உருபையும் தமிழ் வினையையும் சேர்த்து ஓட்டுகிறான்.

கருவிகளைப் பற்றிய பேச்சு இலக்கியத்துக்குக் கீழானது என்ற எண்ணமும் நம் மரபில் இல்லாதது. பெரும்பாணாற்றுப்படை உப்பு வணிகரின் வண்டியை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறது. முல்லைப்பாட்டில் நேரம் அளக்கும் நீர்க்கருவி இருக்கிறது. நெடுநல்வாடையின் அரண்மனையில் யவனர் செய்த பாவைவிளக்கு எரிகிறது. கடல் கடந்து வந்த அந்தக் கருவியைப் பார்த்து நக்கீரர் முகம் சுளிக்கவில்லை. எண்ணெய் வார்ப்பதையும் திரி கொளுத்துவதையும் பாட்டில் வைத்தார்.

*

'அப்படியானால் எல்லாம் நன்றாகத்தானே நடக்கிறது, நீர் ஏன் புலம்புகிறீர்?' என்று கேட்கலாம். நன்றாக நடக்கவில்லை. இந்தத் தமிழ் பேச்சோடு நின்றுவிடுகிறது, எழுத்துக்கு வருவதில்லை. எழுத்துக்கு வராத தொழில்மொழி ஒரு தலைமுறையில் தேய்ந்துபோகும்.

எங்கள் பள்ளத்தாக்கிலேயே சான்று இருக்கிறது. கூடலூரிலோ உத்தமபாளையத்திலோ ஒரு தேநீர்க் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முல்லைப் பெரியாற்றின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், கன அடி என்று பேசுவார்கள். 1979இல் மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டதையும், 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்ததையும் எழுதப்படிக்கத் தெரியாதவர்கூடச் சொல்வார். இது பொறியியல் பேச்சு. சொற்கள் தெளிவானவை, எவரும் தடுமாறுவதில்லை. எப்படி வந்தது? 1895இலிருந்து அந்த அணையின் தண்ணீரில் இங்கே வயல் விளைகிறது, அதனால் அது வயிற்றுப்பாட்டுப் பேச்சு. அதோடு, நாளிதழ்கள் நாள்தோறும் அந்தக் கணக்கைத் தமிழில் அச்சிட்டன. பேச்சும் எழுத்தும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே வந்தன. 'கன அடி'யைக் குழு போட்டு யாரும் மக்கள் வாயில் திணிக்கவில்லை.

வீட்டுக் கருவிகளுக்கு அந்த எழுத்து கிடைக்கவில்லை. 2006இல் அமைந்த அரசு வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011இல் அமைந்த அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும், மாணவர்களுக்கு மடிக்கணினியும் கொடுத்தது. ஆண்டிபட்டி மேட்டுநிலத்துக் குடிசை வரை கருவிகள் போயின. போன கருவிகள் பழுதாயின. பழுதுபார்க்கும் பேச்சு ஊர்தோறும் வளர்ந்தது. மோட்டார் முனகுகிறது, இழுக்கவில்லை, காயில் கருகிவிட்டது, கார்பன் தேய்ந்துவிட்டது, பம்பு காற்று வாங்குகிறது. இவற்றை எழுதிவைத்த தமிழ்த்துறை எது? நாம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம்? கைபேசியா, அலைபேசியா, செல்பேசியா, செல்லிடப்பேசியா என்று கருத்தரங்கில் மோதிக்கொண்டிருந்தோம். முடிவு வருவதற்குள் அது திறன்பேசி ஆகிவிட்டது.

விளைவை இன்று வகுப்பறையில் பார்க்கிறேன். ஏறும், நிற்கும், இறங்கும், முனகும் என்று பேசுகிறவர்கள் நாற்பதைக் கடந்த தொழிலாளிகள். என் மாணவர்கள் 'சார்ஜ் பண்ணு', 'டெலீட் பண்ணு', 'சர்வீஸ் பண்ணு' என்கிறார்கள். எல்லா வினையும் 'பண்ணு' என்ற ஒற்றை வினைக்குள் போய் விழுகிறது. ஒருகாலத்தில் வடமொழியிலிருந்து வந்ததை நாம் சிந்தி, தியானி, சுவாசி, பிரகாசி என்று நேரடி வினையாகவே செரித்துக்கொண்டோம். எழுதுகிறவர்கள் அந்தச் சொற்களை எடுத்து எழுத்தில் புழங்கினார்கள், அதனால் அது நடந்தது என்றே நினைக்கிறேன். ஆங்கிலச் சொல்லுக்கு அந்த வாய்ப்பை நாம் தரவில்லை. இருந்த தமிழ் வினையையும் எழுத்தில் ஏற்றவில்லை. 'சார்ஜர்' போனால் தமிழுக்கு இழப்பில்லை, வந்தாலும் கேடில்லை. 'நிற்கவில்லை' போனால் இழப்பு. நாம் சிவப்பு மையால் வட்டமிட்டது முதலாவதை.

இன்னொரு விளைவும் உண்டு. இன்று எந்தக் கைபேசியிலும் தமிழ் எழுத்துப்பலகை இருக்கிறது. ஆனாலும் என் மாணவர்கள் தங்களுக்குள் தமிழை ரோமன் எழுத்தில் எழுதிக்கொள்கிறார்கள். சோம்பல் என்று திட்டுவது எளிது. ஒருவனிடம் காரணம் கேட்டேன். "தமிழ் எழுத்துல எழுதுனா தப்பு வந்துருமோன்னு பயமா இருக்குங்கய்யா" என்றான். எழுத்தையே பயப்பட வேண்டிய பொருளாக்கிவிட்டோம். தமிழ் எழுத்து தேர்வுத்தாளுக்கு, ரோமன் எழுத்து வாழ்க்கைக்கு என்று அவர்கள் பாகம் பிரித்துக்கொண்டார்கள்.

இதனால் நட்டம் மொழிக்கு மட்டும் அன்று. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் உறவினர், கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே செல்லால் இயக்கும் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கினார். மும்முனை மின்சாரம் நடுச்சாமத்தில் வந்தாலும் பாம்புக்குப் பயந்து தோட்டத்துக்கு ஓட வேண்டாம் என்பதற்காக. குறிப்பேடு ஆங்கிலத்தில். பக்கத்துத் தோட்டக்காரர்களின் குரல்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார். அருமையான பதிவுகள். செல் மாற்றியபோது அத்தனையும் போயின. அடுத்து வாங்குகிறவர் மறுபடி முதலிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

*

'இதெல்லாம் பொறியாளர் வேலை, தமிழாசிரியருக்கு என்ன?' என்பார்கள். அந்த வேலையைப் பிறரே செய்யும்படி நாம் விட்டுவிட்டோம் என்பது உண்மைதான். தமிழில் அறிவியலை அயராது எழுதிய பெ.நா. அப்புஸ்வாமி சட்டம் படித்தவர். சுஜாதா பொறியாளர். சில்லு விளையாடிய பிள்ளைகளின் சொல்லை எடுத்துச் 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' என்று நூலுக்குப் பெயர் வைக்க அவர் தயங்கவில்லை. மதுரைத் திட்டத்தை 1998இல் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கிய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலாளர். முரசு அஞ்சலைத் தந்த மலேசியாவின் முத்து நெடுமாறன் பொறியாளர்.

ஆனால் நம் தொழிலுக்கும் ஒரு மானம் காத்தவர் உண்டு. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி சிறுகதை எழுதியவர், ஆசிரியர்களை உருவாக்கும் நிறுவனத்தில் தமிழ் கற்பித்தவர். 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் அவர் ஒருவர். தம் மென்பொருளுக்குக் 'கணியன்' என்று பெயர் வைத்தார். கருவி வேறு இலக்கியம் வேறு என்று அவர் நினைத்திருந்தால் நாம் இன்று இப்படித் தட்டச்சு செய்துகொண்டிருப்போமா?

கலைச்சொல்லாக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குறுஞ்செய்தி நின்றது, பதிவிறக்கம் நின்றது, செயலி நின்றது. மக்கள் எடுத்து எழுதியதால் நின்றன. புதுச்சொல் எழுதுகிறவன் கைக்கு உதவியாக வர வேண்டும், அவன் கையைத் தட்டிவிடும் பிரம்பாக வரக் கூடாது.

இந்தப் பருவத்தில் என் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பழுதுபார்ப்பவரோடு ஒருநாள் உட்கார வேண்டும். ஒரு பழுது, அதன் காரணம், அதைச் சரிசெய்த முறை, மூன்றையும் தமிழ் எழுத்தில் எழுத வேண்டும். கருவிகளின் பெயரை வழங்குகிறபடியே எழுதலாம். தொழிலாளி சொன்ன வினைச்சொல்லை மட்டும் மாற்றக் கூடாது. துறையில் இரண்டு பேர் இது தமிழ்ப் பாடமா என்று கேட்டார்கள். இதுவரை பதினேழு கட்டுரைகள் வந்திருக்கின்றன. பிழைகள் நிறைய. ஒற்று மிகுந்தும் குறைந்தும் கிடக்கிறது, அதைத் திருத்துகிறேன். பெயர்ச்சொற்களில் கை வைக்கவில்லை.

முதல் கட்டுரைக்கட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கைபேசிக் கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் காத்திருக்க, அவன் நின்றபடியே நான்கைந்தைப் புரட்டினான். ஒன்றில் விரலை வைத்து, "இது தப்புய்யா. கண்டன்சர் போனா ஃபேன் சுத்தாது, முனகும். இந்தப் பய மாத்தி எழுதியிருக்கான்" என்றான்.

சிவப்புப் பேனாவை அவனிடம் கொடுத்தேன்.