துண்டுத் துணிகளை இணைக்கும் இன்பம்



நான் பணியாற்றும் பெண்கள் மதரஸாவில் வியாழக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் பாடம் இல்லை. மாணவியர் வட்டமாக அமர்ந்து, வீட்டிலிருந்தும் தையற்கடைகளிலிருந்தும் சேர்த்த வெட்டுத் துணிகளைக் கையூசியால் இணைத்துப் போர்வை தைப்பார்கள். அண்மையில் பெற்றோர் கூட்டத்தில் இதைக் குறித்து இரு மறுப்புகள் எழுந்தன. பிள்ளையை ஓத அனுப்பினோமே தவிரக் கந்தை தைக்க அனுப்பவில்லை என்றார் ஒரு தந்தை. தையல்தான் வேண்டுமென்றால் மிஷின் தையலைக் கற்றுக்கொடுங்கள், நாளைக்கு நாலு காசு சம்பாதிப்பாள் என்றார் ஒரு தாய். அங்கே சுருக்கமாகவே பதில் கூற முடிந்தது. எஞ்சியதை இங்கே எழுதுகிறேன்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் கூறும் முதற்காரணம் வருமானமன்று, சிக்கனமும் அன்று. அது இன்பமாக இருக்கிறது என்பதே. நம் பெண்பிள்ளைகளின் பொழுதில் ஒவ்வொரு நாழிகையும் ஏதேனும் ஒரு பயனைக் காட்டித்தான் அனுமதி பெறவேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆண்பிள்ளை மாலையில் மைதானத்துக்குச் சென்றால், கிரிக்கெட்டால் என்ன வருமானம் என்று எவரும் கேட்பதில்லை. மார்க்கம் ஆகுமாக்கிய ஓர் இன்பத்தை மட்டும் பெண்ணிடம் ஏன் கணக்குக் கேட்கிறோம்?

கையால் துண்டு இணைப்பதை அறியாதவர்களுக்காகச் சிறிது கூறுகிறேன். பழைய திருமண அழைப்பிதழ் அட்டையில் அறுகோணமோ சதுரமோ வெட்டிக்கொள்ள வேண்டும். அதைத் துணியின்மேல் வைத்துப் பென்சிலால் கோடிட்டு, கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டுக் கத்தரிக்க வேண்டும். துணியின் இழை ஓடும் திசையைப் பார்த்து வெட்டாவிட்டால், தைக்கும்போது துண்டு இழுபட்டுக் கோணலாகிவிடும். பிறகு இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து வைத்து, கோட்டின்மேல் ஓட்டுத் தையல். விரல் நுனியிலிருந்து முழங்கை வரையிலான நீளத்துக்கு மேல் நூலை எடுக்கலாகாது. பேராசைப்பட்டு நீளமாக எடுத்தவள் பாதி நேரம் சிக்கெடுத்துக்கொண்டிருப்பாள். ஊசியை ஒவ்வொரு முறையும் வெளியே இழுக்காமல், நான்கைந்து தையல்களை ஊசியிலேயே கோத்துக்கொண்டு ஒரே இழுப்பில் இழுக்கும்போது நூல் துணிக்குள் ஓடும் மெல்லிய ஓசை கேட்கும். அந்த ஓசைக்காகவே தைப்பவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருத்தி.

ஆறு துண்டுகள் ஒரு நடுத்துண்டைச் சுற்றி வந்து முடியும் இடத்தில், மூன்று முனைகள் ஒரே புள்ளியில் கூடவேண்டும். முதல் மாதத்தில் எவருக்கும் அவை கூடுவதில்லை. கூடிய நாளில் அந்தப் பிள்ளை துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், பக்கத்திலிருப்பவளிடம் காட்டுவாள். பிழையான தையலைப் பிரிக்க நேரும்போது, நூற்ற நூலைத் தானே பிரித்துப்போட்ட பெண்ணைப் பற்றிய சூரா நஹ்லின் உவமையைச் சொல்லி ஒருவரையொருவர் கேலி செய்வார்கள். அது உடன்படிக்கையை முறிப்பவர்களைக் குறித்த உவமை, கோணல் தையலைப் பிரிப்பவளைக் குறித்ததன்று என்று நான் ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன். அவர்களும் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறார்கள்.

இக்கலையை அதன் முழுமையில் காண விரும்புவோர் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்திப் பெண்களின் போர்வைகளைப் பார்க்கவேண்டும். இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் வழியாக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். போர்த்துகீசியரின் கோவாவில் அடிமைகளாக இருந்து, தப்பிக் காடுகளுக்குள் குடியேறியவர்களின் சந்ததியினர் அவர்களில் பலர். ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு வட்டாரங்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இந்துக்களுமாக வாழ்கிறார்கள். அவர்கள் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்குக் கவந்தி என்று பெயர்.

எங்கள் மாணவியர் செய்வதுபோல முதலில் மேல்துணியை இணைத்துப் பிறகு அடித்துணியோடு சேர்ப்பது அவர்கள் முறையன்று. பழைய சேலையொன்றை அடியில் விரித்து, அதன் ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளின் விளிம்பை விரலால் உள்ளே மடித்து, நேராக அடித்துணியோடு சேர்த்து நெருக்கமாகத் தைத்துக்கொண்டே ஓரங்களைச் சுற்றி வருகிறார்கள். சுற்று உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வரும். நடுவில் கடைசித் துண்டு அமரும்போது போர்வை முடிந்துவிடும். அட்டை அச்சு இல்லை, அளவுகோல் இல்லை, முன்கூட்டி வரைந்த படம் இல்லை. அடுத்து எந்த நிறம் என்பதைக் கையில் அகப்படும் துணியும் தைப்பவளின் கண்ணும் முடிவு செய்கின்றன. நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கிப் பூவைப்போல் வைப்பார்கள். அப்பூ இல்லாத கவந்தியை ஆடையில்லாததாகக் கருதுவார்களாம். பயன்பாட்டை மட்டும் எண்ணுபவர்களுக்கு இப்பூ விளங்காது. குளிருக்கு அது ஒன்றும் செய்வதில்லை. கிழிந்த ஆடைகளிலிருந்து போர்வை தைக்கும் அளவுக்கு வறுமையில் உள்ள பெண், நூலும் நேரமும் செலவழித்து மூலைக்கு மூலை பூ வைக்கிறாள்.

நடுத்துண்டை மூடுமுன் சில பெண்கள் சில அரிசி மணிகளை உள்ளே இடுவதுண்டு. போர்வையின் வயிறும் காலியாக இருக்கலாகாது என்பது கருத்து. இதைச் சொன்னவுடன் ஒரு மாணவி, இது ஷிர்க் ஆகாதா என்று கேட்டாள். அரிசி தானாகவே நன்மை தரும் என்று நம்பினால் அது தவறு. உணவில் பரக்கத்தை அல்லாஹ்விடம் கேட்கும் ஓர் ஏழைத் தாயின் ஆசை என்ற அளவில் நின்றால், நான் அவளிடம் சண்டைக்குப் போகமாட்டேன் என்றேன். நாம் அரிசி இடுவதில்லை. ஆனால் தன் பிள்ளை பசியோடு உறங்கக்கூடாது என்று எண்ணியவளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மறந்து தீர்ப்பு வழங்குவதும் மார்க்கமன்று.

ஓத வந்த இடத்தில் கந்தை எதற்கு என்ற தந்தைக்கு இப்போது வருகிறேன். போர்வை தைப்பது சுன்னத் என்று நான் கூறவில்லை. விரும்பிய ஒவ்வொன்றையும் சுன்னத் என்று நிறுவ முயல்வதும் ஒரு நோய்தான். ஆனால் ஊசியையும் ஒட்டுத்துணியையும் இழிவாகக் கருதுவதற்கு நம் முன்னோரிடம் ஆதாரம் கிடைக்காது. உருவங்கள் கொண்ட திரைச்சீலையை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தபோது, அன்னை ஆயிஷா (ரலி) அதை எறிந்துவிடவில்லை; வெட்டித் தலையணையாக்கினார்கள் என்பதை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தம் கையால் உழைத்து, வந்ததைத் தர்மம் செய்தவர்கள். நீண்ட கை உடையவர் என்ற நபிமொழியின் பொருள் அவர்கள் வஃபாத்தான பின்னரே மற்ற அன்னையருக்கு விளங்கிற்று. உமர் (ரலி) அவர்கள் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காலத்தில், அவர்களுடைய தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருந்ததைக் கண்டதாக அனஸ் (ரலி) கூறுவது முவத்தாவில் உள்ளது. அரசின் கருவூலம் அவர்கள் கையில் இருந்தது. ஒட்டுத் துணியோடு வந்தார்கள்.

இனி, என்னை உண்மையில் இக்கட்டுரை எழுதத் தூண்டிய நிகழ்வு. எனக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் இளவயதில் கணவரை இழந்து இத்தாவில் அமர்ந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள். வருவோர் போவோர் குறைந்தபின் கைகள் சும்மா இருந்தன. அது எவ்வளவு பெரிய துன்பம் என்பது அனுபவித்தவர்களுக்கே தெரியும். கணவருடைய சட்டைகளையும் கைலிகளையும் வெட்டிப் போர்வை தைக்க விரும்பினார். உடனே சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொரு சட்டம் கூறினர். இத்தாவில் இருப்பவள் வண்ணத் துணியைத் தொடலாகாது என்றார் ஒருவர். இறந்தவருடைய ஆடைகளை நாற்பதாம் நாளுக்குள் ஏழைகளுக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்றார் மற்றொருவர்.

முன்னதற்கு ஆதாரம் இல்லை. அலங்காரச் சாயமேற்றிய ஆடையை உடுத்துவதும் சுர்மாவும் நறுமணமும் அவளுக்குத் தடுக்கப்பட்டுள்ளன. மடியில் வைத்துத் தைப்பது உடுத்துவதாகாது. பின்னதோ இன்னும் கவனிக்க வேண்டியது. இறந்தவர் விட்டுச்சென்ற ஒரு கைக்குட்டையும் வாரிசுகளின் சொத்து. அதைத் தர்மம் செய்யவும் வெட்டவும் அவர்களுடைய சம்மதம் வேண்டும். இங்கே வாரிசுகள் மூவர்: மனைவிக்கு 8இல் 1, தாய்க்கு 6இல் 1, எஞ்சியது ஏழு வயது மகனுக்கு. பெரியவர்கள் தம் பங்கை விட்டுக்கொடுக்கலாம். சிறுவன் மனமுவந்து கொடுத்தாலும் அது செல்லாது. அவன் பங்கை எடுத்துத் தர்மம் செய்பவர் யதீமின் சொத்தில் கைவைக்கிறார். நம் ஊர்களில் நாற்பதாம் நாள் துணி மூட்டையைத் தூக்கிக் கொடுக்கும்போது இதை எத்தனை பேர் எண்ணிப்பார்க்கிறோம்?

ஆலிம் ஒருவரிடமும் கேட்டு ஒரு வழி கண்டோம். மாமியார் கண்ணீரோடு தம் பங்கைப் பேரனுக்கு விட்டுக்கொடுத்தார். சகோதரியும் அவ்வாறே செய்தார். துணிகள் யாவும் மகனுடையவை ஆயின. போர்வை அவனுக்காகவே தைக்கப்பட்டது. இத்தா முடியுமுன் மேல்துணி முடிந்துவிட்டது. ஒரு சட்டையின் மார்புப் பையை மட்டும் அவர் பிரிக்கவில்லை. பையோடு சேர்த்துச் சதுரமாக வெட்டி நடுவில் வைத்துத் தைத்தார். மகன் அதில் கோலிக்குண்டுகளைப் போட்டு வைத்திருக்கிறான். அப்போர்வையை மிஷினில் ஒரு பிற்பகலில் தைத்திருக்கலாம். மீதி நான்கு மாதத்தை அவர் என்ன செய்திருப்பார்?

சம்பாத்தியத்தைக் கேட்ட தாய்க்கு: மிஷின் தையல் நல்ல தொழில், அதை எந்தப் பிள்ளையும் கற்கலாம், கற்கட்டும். கையால் இணைத்த போர்வையில் வருமானம் இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. பெரிய போர்வை ஒன்றுக்குச் செல்லும் நேரத்தைக் கூலியாகக் கணக்கிட்டால் வாங்குவார் எவரும் இரார். ஆனால் மிஷின் ஓடும் அறையில் ஹிஃப்ளு மாணவியர் தம் பாடத்தை மனத்துக்குள் ஓட்டிப்பார்க்க இயலாது. ஊசி ஓடும்போது இயலும். உண்மையைச் சொன்னால், பாதி நேரம் பேச்சுத்தான். அதில் புறம் புகுந்துவிடாமல் காவல் காப்பதே அந்த ஒரு மணி நேரத்தில் என் வேலை.

ஒன்றை நான் ஏற்கவில்லை. கடைக்குச் சென்று, பொருத்தமான நிறங்களில் புதுத்துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பிறகு இணைக்கும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. ஹராம் என்று கூற எனக்கு அதிகாரமில்லை. எனினும் முழுத்துணியைக் கந்தையாக்கிக் கந்தையிலிருந்து முழுத்துணி செய்வதில் என் மனம் ஒட்டவில்லை. பொருளை வீணாக்குவதை அல்லாஹ் வெறுக்கிறான் என்னும் நபிமொழி நினைவுக்கு வருகிறது. சிறு அளவில் கடையில் வாங்கிக் குறை நிரப்புவோரை நான் கடிந்ததில்லை.

தொடங்க விரும்பும் சகோதரிகள் வாயில் சேலை, பருத்திக் கைலி, சுடிதார்த் துணி ஆகியவற்றைத் துவைத்துச் சுத்தமாக்கி எடுத்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் விரலுக்கு அடங்காமல் வழுக்கும், கைபழகும்வரை வேண்டாம். பட்டுச் சேலைத் துண்டுகளைத் தனியே வையுங்கள். ஆண்கள் பட்டின்மீது அமர்வதும் படுப்பதும் பெரும்பாலான சட்ட அறிஞர்களிடம் கூடாது. உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டபின், பெண்பிள்ளைகளின் போர்வையில் சேர்க்கலாம். விரலில் ஊசி குத்தி ஓரிரு துளி இரத்தம் பட்டுவிட்டால் பதறாமல், உடனே குளிர்ந்த நீரில் கழுவிவிடுங்கள். வெந்நீர் கறையை நிலைக்கச் செய்யும்.

முதலில் பெரிய போர்வை வேண்டாம். தொட்டிலுக்குப் போதுமான அளவில், சதுரத் துண்டுகளால் தொடங்குங்கள். எங்கள் மாணவியர் இதுவரை முடித்தவை அத்தகைய சிறு போர்வைகளே. அவற்றை எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் பிறக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவருகிறோம். மறுப்புத் தெரிவித்த அந்தத் தந்தையின் மகள் சென்ற வாரம் ஒரு மூட்டை வெட்டுத் துணி கொண்டுவந்தாள். எல்லாம் வெள்ளை, அவர் ஜிப்பா தைக்கும் கடை வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெள்ளைக்கு இடையே வைக்க நிறத்துணி போதவில்லை. வீட்டில் இருப்போர் கொடுத்து உதவுங்கள்.