பாவைக்கு ஏன் இரவற்பெயர்?

தனக்கென்று ஒரு பெயர் இருக்க, அதனை மறந்து, அயலான் இட்ட பெயருக்கு ‘ஏன்’ என்று குரல் கொடுப்பவனை உலகம் என்னென்று சொல்லும்? தமிழ்நாட்டுப் பாவைக்கூத்துக்கு நேர்ந்திருக்கும் நிலை அதுவே. விழா அழைப்பிதழ்களில் அது ‘பொம்மலாட்டம்’. பட்டணத்துப் பள்ளிகளில் ‘பப்பட் ஷோ’. பாவைக்கூத்து என்றால், “மார்கழியில் பாடுவார்களே, அதுவா?” என்று கேட்கும் அளவிற்குத் தமிழன் தன் சொல்லுக்கே அயலானாகி விட்டான்!

‘பொம்மலாட்டம்’ என்னும் சொல்லைச் சற்றே பிரித்துப் பார்க்க. பொம்மையும் ஆட்டமும் தமிழிற் புணர்ந்தால் பொம்மையாட்டம் என்றாகுமேயன்றிப் பொம்மலாட்டம் என்றாகாது. இடையில் வந்து நிற்கும் லகரம் யாருடையது? தெலுங்கில் ‘பொம்ம’ என்பதன் பன்மை ‘பொம்மலு’. அது வேற்றுமைப் பொருளில் ‘பொம்மல’ என்று நிற்கும். அத் தெலுங்குத் தொடரை அப்படியே வாங்கி, வாலில் ஒரு மகரமெய்யை ஒட்டித் தமிழென வழங்குகின்றனர். தெலுங்கர்க்கு அச்சொல் அழகே. அது அவர்தம் சொல். பாவை என்னும் சொல்லை வீட்டில் வைத்திருப்பவனுக்கு அஃது எதற்கு?

பாவை நேற்றுப் பிறந்த சொல்லன்று. கழகக் காலச் சிறுமியர் மணலில் வண்டற்பாவை செய்து விளையாடினர். கண்ணின் கருமணிக்கும் பாவை என்றே பெயர். வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் (1020), நெஞ்சில் நாணில்லாதவர் நடமாட்டத்தை, நாணால் இயக்கப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மருட்டுவதற்கு ஒப்பிட்டார். வெட்கமும் நாண், கயிறும் நாண். கேட்பார் முன்பே கண்டறிந்த ஒன்றன்றி உவமையாகாது. ஆகலின், வள்ளுவர் நாளிலேயே இக்கூத்து ஊரறிந்த கூத்தாக இருந்திருத்தல் வேண்டும். (சிலப்பதிகாரம் கூறும் பதினோராடலுள் ஒன்றான ‘பாவை’யையும் இதற்குச் சான்றாக இழுப்பாருளர். அது திருமகள் ஆடியதாகச் சொல்லப்படும் ஆடல், இதுவன்று. மெய்ச்சான்று கையிலிருக்கப் பொய்ச்சான்று தேடுவது தமிழ் வழக்கைத் தமிழரே கெடுப்பதாகும்.)

“பெயரில் என்ன இருக்கிறது?” என்பார்க்கு ஒன்று. 1900-இல் செருமானிய அறிஞர் பிசல், பாவைக்கூத்தின் பிறப்பிடம் இந்தியாவே என்று எழுதினார். வடமொழி நாடகத்துச் ‘சூத்திரதாரன்’ என்னும் சொல்லுக்கு நூல் பிடிப்பவன் என்பது பொருளாதலை அவர் பெருஞ்சான்றாகக் காட்டினார். ஒரு சொல் போற்றப்பட்டதனால் வடமொழிக்கு அத்துணைப் பெருமை! மரப்பாவையைக் குறளிலேயே வைத்துக்கொண்டு, வாசலில் ‘பொம்மலாட்டம்’ என்று பலகை தொங்கவிட்டால், எந்த ஆய்வாளன் அதனைத் தமிழோடு சேர்த்து எண்ணுவான்?

குடந்தை, மயிலாடுதுறைப் பக்கத்து மரப்பாவைகள் இந்திய நாட்டின் நூற்பாவைகளிலேயே பெரியன. முருக்க மரத்திற் செதுக்கிய பாவை 4½ அடி உயரமும் 10 கிலோ எடையும் இருத்தல் உண்டு. அதன் நாண்கள் ஆட்டுவோன் தலையிலணிந்த வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். கைகளைக் கம்பிகள் இயக்கும். அவன் கழுத்து நோகப் பாவை ஆடும். இத்துணை உழைப்பையும் ‘சங்கீத’, ‘சபா’ என்னும் ஒட்டுகளோடு கூடிய பெயர்ப்பலகையின் கீழ்க் கொண்டுபோய் வைத்தனர். அப் பழி ஆட்டுவோனைச் சாராது. அழைப்போர் விரும்பிய பெயரை அவன் வயிற்றுக்காகச் சூடிக்கொண்டான். பெயர் திருத்தக் கடமைப்பட்ட கற்றறிந்தாரையே சாரும்.

தோற்பாவைக் கூத்தின் செய்தி இன்னும் உறைப்பானது. தமிழ்நாட்டில் அதனை நடத்துவோருள் பெரும்பாலார் மண்டிகர் என்னும் குடியினர். வீட்டில் அவர் பேசுவது மராட்டியம். திரைக்குப் பின்னே விளக்கேற்றி அமர்ந்தாலோ வாயில் வருவது தமிழ்! ஆட்டுத்தோலில் வெட்டிச் சாயந்தீட்டிய பாவைகளை ஒருவனே ஆட்டி, ஆண், பெண், அரக்கன் அனைவர்க்கும் குரல் மாற்றிப் பேசுவான். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரையில் தோன்றினால் குமரி, நெல்லைச் சிற்றூர்களின் பேச்சுத்தமிழ் அப்படியே எழுந்து நடக்கும். அயற்றாய்மொழியார் காத்த தமிழைத் தமிழ்த்தாய் வயிற்றில் பிறந்தோர் பார்க்கவும் போவதில்லை.

பாலக்காட்டுப் பக்கத்தும் அவ்வாறே. பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில், 21 விளக்குகளின் முன்னே, நிழற்பாவை ஆட்டுவோர் பாடுவன கம்பன் பாடல்கள். ஆட்டும் தலைவர்க்குப் பட்டம் ‘புலவர்’. மலையாளம் பேசும் மண்ணிற்கூட அக்கூத்திற்குத் தமிழ் வேண்டியிருக்கிறது.

“கதை வடவர் கதையாயிற்றே” எனின், ஆம், அக்குறை உண்டு. மறைப்பானேன்? ஆயின் அதே திரையில் நல்லதங்காளும் வந்தாள், ஊரே அழுதது. நல்லதங்காளுக்கு இடமிருந்த திரையில் பாரிக்கும் கண்ணகிக்கும் இடமில்லையா? எழுதிக் கொடுத்தவர் எவர்? கதை சரியில்லை என்று ஒதுங்கி நின்ற தமிழன்பர், தோற்பாவைக்கென்று ஒரு கூத்துநூலேனும் யாத்ததுண்டா?

இளையர் ஆட்டத்தை விட்டு வேறு தொழிலுக்குப் போகின்றனர். கூலியில்லாக் கலையை எந்த மகன் கற்பான்? வரும் திருவள்ளுவர் நாளில் ஒவ்வொரு தமிழ்மன்றமும் மேடைப்பேச்சில் இரண்டைக் குறைக்கட்டும். அப்பொழுதில் ஒரு குழுவை அழைத்து, வண்டிக்கூலியை முன்னதாகவே கொடுத்து, அழைப்பிதழில் ‘பாவைக்கூத்து’ என்று பெரிய எழுத்தில் அச்சிடட்டும்.