கைக்குள் அடங்கும் உயிர்

நாய் வளர்த்தல் நம் நாட்டார்க்குப் புதிதன்று. வீட்டுக் காவலுக்கும் வேட்டைக்கும் அதனைப் பண்டுதொட்டே பேணி வந்துள்ளோம். ஆனால், உள்ளங்கையில் அடங்கும் சிறு நாய்க்குட்டியை மிக்க விலை கொடுத்து வாங்கி மடியில் வைத்துச் சீராட்டும் வழக்கம் இந்நாளில் நகரங்களிற் பெருகியுள்ளது. பிறந்தநாட் பரிசாக அதனை வழங்குவாரும் உளர். அன்பைக் குறைகூற நாம் முற்படவில்லை. குட்டியின் சிறுமையை விரும்புவோர், அச்சிறுமையோடு உடன்வரும் கடமையையும் அறிவரோ என்பதே நம் ஐயம்.

மெக்சிகோ நாட்டுச் சிவாவா மாநிலத்தின் பெயரைத் தாங்கிய நாயினத்தை எடுத்துக்கொள்வோம். முழு வளர்ச்சியுற்ற பின்னும் அதன் எடை 6 இராத்தலுக்கு, அதாவது 2.7 கிலோவுக்கு, மேற்படலாகாது என்பது அமெரிக்கக் கென்னல் சங்கத்தார் வகுத்த விதி. வளர்ந்த நாயே அத்துணைச் சிறிதாயின், குட்டியின் நிலையை என்னென்பது! அதன் ஈரல் சேமித்து வைக்கும் சர்க்கரை மிகக் குறைவு. உடலோ விரைவிற் குளிர்ந்துவிடும். ஒருவேளை உணவு தவறினும் இரத்தத்திற் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். முதலிற் சோர்வு தோன்றும். பின்னர் நடுக்கமும் தள்ளாட்டமும். கவனியாவிடின் வலிப்பும் மரணமும்.

நாம் அறிந்த ஓர் இல்லத்தில் இங்ஙனமே நிகழ்ந்தது. குட்டி வந்த மறுநாள் உறவினர் பலர் கூடி, அதனைக் கைக்குக் கை மாற்றிக் கொஞ்சி மகிழ்ந்தனர். உண்ணவும் உறங்கவும் அதற்கு ஒழிவில்லை. மாலையில் அது ஒரு மூலையிற் சுருண்டு கிடந்தது. "களைத்துவிட்டது, தூங்கட்டும்" என்றனர். விடியுமுன் அது உயிர் நீத்தது. அதனைக் கொன்றது கொடுமையன்று. அறியாமை கலந்த அன்பே.

செய்யத்தக்கவை அரியன அல்ல. நாளொன்றுக்கு நான்கைந்து முறை சிறிது சிறிதாக உணவளித்தல் வேண்டும். படுக்கை கதகதப்பாயிருத்தல் வேண்டும். குட்டி நடுங்கித் தளர்ந்தால், ஈற்றில் சிறிது தேனைத் தடவி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும்; நினைவிழந்ததன் வாயில் எதனையும் ஊற்றலாகாது. மூச்சுக்குழல் மென்மையானதாகலின், கழுத்துப் பட்டையினும் மார்புப் பட்டையே நன்று. இவ்வினத்துக் குட்டிகள் பலவற்றுக்கு உச்சிக்குழி மூடாதிருத்தலின், சிறுவர் தரையில் அமர்ந்தே அதனை ஏந்துக.

இனி, விற்போர் 'டீகப்' என்று ஒரு பெயர் கூறி, இன்னுஞ் சிறிய குட்டிகளுக்கு இன்னும் மிக்க விலை கேட்கின்றனர். அப்பெயரில் ஓர் இனம் இருப்பதாகக் கென்னல் சங்கத்தார் ஒப்புவதில்லை. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றலாகாது என 2017-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கத்தார் விதி செய்தனர். எனினும், கேட்பார் உள்ளவரை விற்பாரும் இருப்பரன்றோ? ஆதலின், "இதனினும் சிறியது உண்டா?" என்று கேட்பதை விடுத்து, "இதற்கு வயது எத்தனை வாரம்? தானே உண்கின்றதா? தாயைக் காணலாமா?" என்று கேட்போமாக. பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீட்டினர் இதனை வாங்காதிருத்தலே அறமாகும்.

பொம்மையை அலுத்தபோது அலமாரியில் வைத்துவிடலாம். இக்குட்டிக்கோ இன்னும் சில மணி நேரத்தில் மீண்டும் பசிக்கும். அப்பசியை நினைவிற் கொள்ள வல்லார்க்கே அது உரியது.