கேட்பதும் ஒரு பாடம்தான்



2009இல் போர் முடிந்தபோது மடியில் கிடந்த பிள்ளைகள் இப்போது கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போகிறார்கள். போன சில நாட்களிலேயே பலருக்கு ஓர் ஆங்கிலப் பரீட்சை வைக்கப்படுகிறது. அதன் முடிவைப் பார்த்துவிட்டு, படிப்பே வேண்டாமென்று வீடு திரும்ப நினைத்த பெண்பிள்ளைகளை ஆங்கிலம் கற்பிக்கும் நான் கண்டிருக்கிறேன். "ரீச்சர், பிள்ளை இனி வரமாட்டாளாம். தனக்கு மூளை இல்லையாம்" என்று ஒரு தாய் கண்கலங்கினார்.

இந்தப் பரீட்சை மூளையை அளப்பதன்று. பிள்ளை எங்கே நிற்கிறாள், எதிலிருந்து கற்பிக்கத் தொடங்கலாம் என்று அறிவதற்கே வைக்கப்படுகிறது. வாசித்து விளங்குவதும் கேட்டு விளங்குவதும் இரண்டு வேறு திறன்கள். அந்தத் தாயின் மகள் வாசிப்பில் நல்ல புள்ளி எடுத்திருந்தாள். கேட்டலில்தான் மிகக் குறைவு.

இதற்குக் காரணம் உண்டு. சாதாரண தரத்தில் ஆங்கிலத்தை எழுத்துப் பரீட்சையாகவே எழுதிப் பழகுகிறோம். உயர்தரத்தின் பொது ஆங்கிலப் புள்ளி இசட் புள்ளிக்குச் சேர்க்கப்படுவதில்லை. அதனால் பிள்ளைகள் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். விரிவுரை மண்டபத்திலோ எல்லாவற்றையும் காதால்தான் வாங்கவேண்டும். வாசித்தது விளங்காவிட்டால் திரும்பப் பார்க்கலாம். கேட்டது போனால் போனதுதான். வெளிநாட்டுப் படிப்புக்காக எழுதும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் கேட்டலுக்கு 40 வினாக்கள். ஒலிப்பதிவை ஒரு முறைதான் போடுவார்கள்.

தமிழை எழுத்துக்கூட்டி வாசித்தால் பெரும்பாலும் பேசுவதுபோலவே இருக்கும். ஆங்கிலம் அப்படியன்று. "வட் இஸ் இற்" என்று மூன்று சொற்களாக எழுதுவதைப் பேசும்போது "வட்டிஸிற்" என்று ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரிந்த சொல்லைக் காது அடையாளம் காண்பதில்லை. பழக்கினால் காது பிடித்துக்கொள்ளும்.

இடம்பெயர்வுகளால் உங்களில் பலருடைய படிப்பு இடையில் நின்றது. "எங்களுக்கு இங்கிலிஷ் தெரியாதே, நாங்கள் என்ன செய்ய?" என்று கேட்பீர்கள். ஆங்கிலம் தெரியாமலே நீங்கள் வீட்டில் இரண்டு பரீட்சைகள் வைக்கலாம்.

முதலாவது, கேட்டல். வானொலியில் ஆங்கிலச் செய்தியைப் பிள்ளை கேட்கட்டும். முடிந்ததும் யார், எங்கே, என்ன நடந்தது என்பதை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு இருவரும் தமிழ்ச் செய்தியைக் கேளுங்கள். சொன்னது எவ்வளவு சரியென்று உங்களுக்கே தெரியும். முதல் வாரத்தில் ஒரு செய்தி பிடிபட்டாலும் போதும்.

இரண்டாவது, வாசிப்பு. ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு சிறிய செய்தியை எடுங்கள். முதல் வசனத்தை விட்டுவிட்டு, அதன்பின் ஒவ்வொரு ஏழாவது சொல்லின்மேலும் சிறு கடதாசித் துண்டை ஒட்டி மறையுங்கள். மறைந்த சொற்களைப் பிள்ளை ஊகித்துக் கொப்பியில் எழுதவேண்டும். பிறகு துண்டுகளை எடுத்து ஒப்பிடுங்கள். பாதிக்கு மேல் சரியென்றால் அந்தச் செய்தி அவளுக்கு வாசிக்கத் தக்கது. மிகக் குறைந்தால் இன்னும் இலேசான பகுதியைத் தேடுங்கள். இது விளையாட்டன்று. 1953இல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் வகுத்த முறையை ஒட்டியது. மொழிப் பரீட்சைகளில் இன்றும் பயன்படுகிறது. ஏழுவரை எண்ணத் தெரிந்த எந்தத் தாயும் இதை வைக்கலாம்.

தினமும் கால் மணித்தியாலம் போதும். தவறுக்கு ஏசவேண்டாம், பயந்த பிள்ளைக்குக் காது கேட்டாலும் கருத்து ஏறாது.

உங்கள் மகளைக் கடைசிப் பிரிவில் போட்டுவிட்டார்களென்றால், படிப்பை நிறுத்த விடாதீர்கள். கேட்டலுக்கு எத்தனை, வாசிப்புக்கு எத்தனை என்று தனித்தனியே கேட்டுவரச் சொல்லுங்கள். குறைந்த பக்கம் எதுவென்று தெரிந்தால், அன்றிரவே வீட்டில் தொடங்கிவிடலாம்.