லாரியின் இடது பக்கம் எமன்!

சைக்கிளில் போகிறவர்களின் உயிரைக் காக்க லண்டன் மாநகரம் செய்தது என்ன?

காலை 8½ மணி. லண்டன் நகரில் ஒரு நாற்சந்தி. சிவப்பு விளக்கு எரிகிறது.

மண் ஏற்றிய லாரி ஒன்று வந்து நிற்கிறது. அதன் இடது ஓரமாக ஒரு பெண் சைக்கிளில் வருகிறாள். வேலைக்குப் போகிறவள். சிவப்பு விளக்கைப் பார்த்து அவளும் நிற்கிறாள். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு காத்திருக்கிறாள்.

பச்சை விளக்கு எரிகிறது. அவள் நேரே போகவேண்டும். லாரி இடது பக்கம் திரும்பவேண்டும்.

லாரிக்காரர் கண்ணாடியைப் பார்க்கிறார். அதில் யாரும் இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்புகிறார்.

சில வினாடிகள்தான். சைக்கிள் சக்கரத்தின் அடியில் கிடக்கிறது. லாரிக்காரர் கீழே இறங்கி ஓடிவருகிறார். "நான் பார்க்கவே இல்லையே!" என்று தலையில் அடித்துக்கொள்கிறார்.

இது ஒரு நாள் நடந்த கதை அல்ல. லண்டனில் பல தடவை, பல சந்திகளில், ஏறக்குறைய இதே மாதிரி உயிர்கள் போயிருக்கின்றன. லாரிக்காரர் பொய் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் தப்பு செய்யவில்லை. பிறகு எப்படி உயிர் போயிற்று?

14 நாளில் 6 பேர்!

2013-ம் ஆண்டு நவம்பர் மாதம் லண்டன் மக்கள் திடுக்கிட்டுப் போனார்கள். 5-ந் தேதி முதல் 18-ந் தேதி வரை, 14 நாட்களுக்குள், சைக்கிளில் போன 6 பேர் அடிபட்டு இறந்தார்கள். 6 பேரும் பெரிய வண்டிகளில்தான் அடிபட்டார்கள். சிலர் மேல் லாரி ஏறியது. சிலர் மேல் பஸ் ஏறியது.

அந்த 6 பேரில் ஒரு பெண் இறந்த இடம் "போ" ரவுண்டானா. அங்கே சைக்கிள் பாதைக்கு நீல நிறம் அடித்திருந்தார்கள். ஆனால் லாரிக்கும் சைக்கிளுக்கும் நடுவே தடுப்பு இல்லை. "சாயம் உயிரைக் காக்குமா?" என்று ஜனங்கள் கேட்டார்கள்.

அந்த மாதம் 29-ந் தேதி மாலையில் ஓர் அதிசயக் கிளர்ச்சி நடந்தது. லண்டன் போக்குவரத்துக் கழகத்தின் தலைமை அலுவலகத்துக்கு எதிரே ஆயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். பலர் தங்கள் சைக்கிளோடு நடுரோட்டில் படுத்துக்கொண்டார்கள். செத்தவர்களைப் போலக் கிடந்தார்கள். கல் எறியவில்லை. கண்ணாடி உடைக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சி நகரத்தின் மனச்சாட்சியை உலுக்கிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத இடம்

லாரி டிரைவர் உட்காரும் இடம் மிக உயரம். பெரிய லாரிகளில் அவருடைய கண், ரோட்டிலிருந்து ஏறக்குறைய 8 அடி உயரத்தில் இருக்கிறது. தூரத்தில் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். காலடியில் இருப்பது தெரியாது.

மாடியில் நிற்கிறவருக்குத் தெருக்கோடி தெரியும். ஆனால் சுவரை ஒட்டிக் கீழே நிற்கும் குழந்தை தெரியாது. எட்டிப் பார்த்தால்தான் தெரியும். லாரியும் அப்படித்தான்.

இங்கிலாந்தில் வண்டிகள் இடது பக்கமாகப் போகின்றன. டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். ஆகவே இடது பக்கக் கதவு அவருக்குத் தூரத்தில் இருக்கிறது. அந்தக் கதவின் கீழே, லாரியை ஒட்டி நிற்கும் சைக்கிள், முழுக்க முழுக்க மறைந்துபோகும். லாரியின் மூக்குக்கு நேர் முன்னே நிற்பவரும் இப்படியே மறைந்துபோவார்.

கண்ணாடி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஒன்றல்ல, பல இருக்கின்றன. ஆனால் நெரிசலான சந்தியில் ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்து முடிப்பதற்குள் முதல் கண்ணாடியில் இருந்த நிலைமை மாறிவிடுகிறது.

லீட்ஸ் சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வெளிவந்தது. ஜன்னல் வழியே நேரில் ஆளைப் பார்க்கும் டிரைவரைவிட, கண்ணாடியில் பார்க்கும் டிரைவர் 0.7 வினாடி தாமதமாகவே சுதாரிக்கிறார். முக்கால் வினாடிகூட இல்லை! ஆனால் மணிக்கு 15 மைல் வேகத்தில் போகும் லாரி, அந்த நேரத்துக்குள் 15 அடிக்கு மேல் ஓடிவிடும். ஒரு சைக்கிளின் நீளம் 6 அடிதான்.

பின்சக்கரம் செய்யும் சதி

இன்னொரு ஆபத்தும் உண்டு. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போவதில்லை. உள்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். மாட்டுவண்டி தெருமுனையில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் திண்ணையில் உரசுவதுபோல.

ஆகவே லாரி டிரைவர் இடது பக்கம் திரும்புவதற்கு முன்பு வலது பக்கம் கொஞ்சம் ஒதுங்குவார். அப்போது இடது பக்கம் இடைவெளி உண்டாகும். "லாரி ஒதுங்கி வழிவிடுகிறது" என்று சைக்கிளில் வருகிறவர் நினைத்து அதற்குள் நுழைகிறார். மறுவினாடி அந்த வழி அடைபடுகிறது.

ஒழுங்காக நின்றவருக்கே ஆபத்து

2009-ம் ஆண்டில் லண்டனில் சைக்கிளில் போன 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 10 பேர் பெண்கள். அந்த 10 பெண்களில் 8 பேரைப் பலி வாங்கியது லாரி.

பெண்கள் ஏன் இப்படி அதிகமாக இறந்தார்கள்? ஒரு காரணம் சொல்லப்பட்டது. பெண்கள் சிவப்பு விளக்குக்குப் பெரும்பாலும் கட்டுப்படுகிறார்கள். ஓரமாக ஒதுங்கி நிற்கிறார்கள். அந்த ஓரம்தான் டிரைவருக்குத் தெரியாத இடம்!

"ஓரமாகப் போ, ஓரமாக நில்" என்று சொல்வது வழக்கம். லாரி பக்கத்தில் நிற்கும்போது அந்த ஓரமே எமனுடைய வாசலாகிவிடுகிறது.

2015 முதல் 2017 வரை உள்ள கணக்கைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். லண்டனில் எல்லா வண்டிகளும் ஓடிய தூரத்தை 100 மைல் என்று வைத்துக்கொண்டால், அதில் லாரிகள் ஓடியது 4 மைல்தான். ஆனால் சைக்கிளில் போனவர்கள் இறந்த விபத்துகளில் நூற்றுக்கு 63 விபத்துகளில் லாரி சம்பந்தப்பட்டிருந்தது.

லாரியைத் தடுத்துவிடலாமா?

"கூட்ட நேரத்தில் லாரியை ஊருக்குள் விடாதே!" என்று பலர் கோரினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லாரி வராவிட்டால் கடைக்கு ரொட்டி வராது. கட்டடத்துக்குச் செங்கல் வராது. இரவில் மட்டும் விட்டால் ஊர் தூங்க முடியாது. தடை நேரம் முடிந்ததும் லாரிகள் எல்லாம் ஒன்றாக உள்ளே பாயும்.

"சைக்கிளில் போகிறவர்கள் ஒழுங்காகப் போகட்டும்" என்றது இன்னொரு கட்சி. ஒழுங்கு வேண்டியதுதான். ஆனால் ஒழுங்காக நின்றவரும் செத்திருக்கிறாரே! பார்க்க முடியாத வண்டியைக் கொடுத்துவிட்டு டிரைவரைத் திட்டுவதும் நியாயம் அல்ல.

ஆகவே கடைசியில் லண்டன் நிர்வாகம் வண்டியின் மீதே கையை வைத்தது.

நட்சத்திரம் பார்த்து அனுமதி

2015-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி முதல் விதி வந்தது. 3½ டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குப் பக்கவாட்டில் தடுப்புச் சட்டம் இருக்கவேண்டும். சைக்கிளில் வந்தவர் விழுந்தாலும் சக்கரத்தின் அடியில் போகாமல் அது தடுக்கும். பக்கத்தையும் முன்புறத் தரையையும் காட்டும் கண்ணாடிகளும் இருக்கவேண்டும்.

அது போதவில்லை. அடுத்த விதி 2021-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. 12 டன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு லாரிக்கும் நட்சத்திர மதிப்பு போட்டார்கள். டிரைவர் தன் ஆசனத்தில் இருந்தபடியே, கண்ணாடியின் உதவி இல்லாமல், எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதே கணக்கு. நன்றாகத் தெரிந்தால் 5 நட்சத்திரம். தெரியவே தெரியாவிட்டால் பூஜ்யம்.

பூஜ்யம் வாங்கிய லாரி லண்டனுக்குள் ஓடவேண்டுமானால் காமிரா, ஆள் இருப்பதைக் கண்டு சொல்லும் கருவி, "இடது பக்கம் திரும்புகிறேன்" என்று சத்தம் போட்டு எச்சரிக்கும் கருவி ஆகியவற்றைப் பொருத்தவேண்டும். அனுமதிச் சீட்டு இலவசம். சீட்டு இல்லாமல் ஓட்டினால் 550 பவுன் அபராதம்! 2024-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி முதல் விதி இன்னும் கடுமையாயிற்று. 3 நட்சத்திரத்துக்குக் குறைந்த லாரிகளுக்கு இன்னும் திறமையான கருவிகள் வேண்டும் என்று ஆயிற்று.

செலவு அதிகம் என்று லாரி உடைமையாளர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் பலன் தெரிந்தது. டிரைவருக்குச் சரியாகத் தெரியாததால் உயிர் போன விபத்துகள், 2018-ல் இருந்ததில் பாதியாக 2021-ல் குறைந்தன.

இடம் மாறி உட்கார்ந்தார்கள்

லண்டன் போலீசார் இன்னொரு காரியமும் செய்தார்கள். ரோட்டோரத்தில் ஒரு லாரியை நிறுத்தி, சைக்கிளில் போகிறவர்களை அழைத்து டிரைவர் ஆசனத்தில் உட்கார வைத்தார்கள். இடது பக்கம் ஒரு சைக்கிளை நிறுத்தி, "தெரிகிறதா?" என்று கேட்டார்கள். தெரியவில்லை! லாரியை விட்டு இறங்கியவர்கள் அதன்பிறகு அந்தப் பக்கம் போவார்களா?

அதேபோல லாரி டிரைவர்களையும் சைக்கிளில் ஏற்றி, ஊருக்குள் ஓட்டவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு பெரிய வண்டி உரசிக்கொண்டு போனால் வயிறு எப்படிக் கலங்கும் என்பதை அவர்களும் அறிந்தார்கள்.

நமக்கு என்ன பாடம்?

லண்டன் எங்கோ இருக்கிறது என்று இருந்துவிட முடியாது. அங்கே போலவே இங்கேயும் இடது பக்கம்தான் போகிறோம். நம் லாரி டிரைவரும் வலது பக்கம்தான் உட்காருகிறார். ஆகவே அதே ஆபத்து, அதே பக்கத்தில், இங்கேயும் இருக்கிறது. தண்ணீர் லாரி, மணல் லாரி, குப்பை லாரி எல்லாம் குறுகலான தெருக்களிலும் நுழைகின்றன.

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 4,836 பேர் சைக்கிளில் போனவர்கள். அவர்கள் எல்லோரும் லாரியில் அடிபட்டவர்கள் அல்ல. ஆனால் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் பிள்ளை, ஒரு வீட்டின் தகப்பன்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11-ம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாக சைக்கிள் கொடுக்கிறது. நல்ல காரியம். பல பெண் பிள்ளைகளின் படிப்பு நிற்காமல் காத்தது அந்த சைக்கிள். சைக்கிளைக் கொடுத்தால் போதுமா? அது போய்வரும் பாதையும் பத்திரமாக இருக்கவேண்டாமா?

லாரியின் பக்கவாட்டில் தடுப்பு வேண்டும் என்று நம் நாட்டு விதியும் சொல்கிறது. ரோட்டில் நின்று பார்த்தால், தடுப்பு இல்லாத வண்டியும், வளைந்து தொங்கும் தடுப்புள்ள வண்டியும் கண்ணில் படுகின்றன. விதி ஏட்டில் இருந்தால் சக்கரம் நிற்காது. கம்பியாக லாரியில் இருந்தால்தான் நிற்கும்.

பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

சட்டமும் கருவியும் வரும்போது வரட்டும். இன்றைக்கே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லக்கூடியவை சில உண்டு.

நிற்கும் லாரியின் இடது ஓரத்தில் நுழையக்கூடாது. பின்னாலேயே நிற்கவேண்டும். ஒரு நிமிஷம் தாமதமானால் பள்ளிக்கூடம் ஓடிப்போகாது.

லாரி வலது பக்கம் ஒதுங்கினால் அது வழிவிடுகிறது என்று நினைக்கக்கூடாது. இடது பக்கம் திரும்பப் போகிறது என்றே நினைக்கவேண்டும்.

லாரியின் மூக்கை ஒட்டி முன்னே நிற்கக்கூடாது. டிரைவரின் முகம் நமக்குத் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். அவர் முகம் நமக்குத் தெரியாவிட்டால், நாம் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

ஓடும் லாரியைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் போகவே கூடாது. இரவில் விளக்கு இல்லாமல் போகக்கூடாது.

லாரி ஓட்டும் அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. இடது பக்கம் திரும்புமுன் ஒரு தடவை பார்த்தது போதாது. இன்னொரு தடவை பாருங்கள். கிளீனர் இருந்தால் அவரையும் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஆள் இல்லை என்றால், பக்கத்தில் ஆள் இல்லை என்று அர்த்தம் அல்ல.

காலையில் சைக்கிளில் போன பிள்ளை மாலையில் வீடு திரும்பவேண்டும். வாசலில் மணிச் சத்தம் கேட்கும்வரை தாயின் காது தெருவில்தான் இருக்கிறது.