பெரிய மீனை விட்டுவிடுங்கள்

குற்றாலம் பேரருவியில் உங்கள் தலைமேல் விழும் நீர் எங்கே போகிறது? சிற்றாறாகத் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரி அருகே தாமிரவருணியில் கலந்து, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. விடுமுறை நாட்களில் நானும் தூண்டிலுடன் அங்கே போவதுண்டு.

ஆற்றுமுகங்களில் தூண்டில்காரர்கள் ஆசைப்படும் மீன் கொடுவா. ஒருமுறை என் கை நீளத்துக்கும் மேலான ஒன்று சிக்கியது. வில்தராசில் நிறுத்துப் பெருமைப்பட்டேன். வீட்டில் அறுத்தபோதோ வயிறு நிறைய முட்டைகள்! தராசு எடையைச் சொல்லிற்று, இதைச் சொல்லவில்லை.

கொடுவாவின் வாழ்க்கை விந்தையானது. பெரும்பாலானவை முதலில் ஆணாக முதிர்ச்சியடைகின்றன. சில ஆண்டுகள் கழித்து, நன்கு வளர்ந்தபின், பெண்ணாக மாறுகின்றன. ஆகவே மிகப் பெரிய கொடுவா அநேகமாகப் பெண்ணே. அது பல லட்சம் முட்டைகள் இடும். பெரியவற்றையே தேடிப் பிடித்தால் என்ன ஆகும்? ஆண்கள் மிஞ்சும், முட்டையிடத் தாய் இராது.

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. கரையில் நின்று தூண்டில் போடுபவரை அது கட்டுப்படுத்தாது. "ஒரு தூண்டிலால் என்ன குறைந்துவிடும்?" என்பீர்கள். மீனவருக்கு வலை பிழைப்பு. நமக்குத் தூண்டில் பொழுதுபோக்கு. விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் நாமே.

எனவே குஞ்சையும் விடுங்கள், மிகப் பெரியதையும் விடுங்கள். குழம்புக்கு நடுத்தர மீன் ஒன்று போதும். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். உலர்ந்த கை மீனின் உடலைக் காக்கும் வழுவழுப்பைத் துடைத்துவிடும். நீரில் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள். பெருமை பேச வேண்டுமா? நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்!