ஓட்டுநர் காணாத அருவி



மலைப் பயணம் என்றதும் அருவியும் மூடுபனியும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. அந்த அருவி வரை நம்மைக் கொண்டு சேர்ப்பவர் அதைப் பார்த்தாரா என்று நாம் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியபோது என் அத்தாவுக்கு வயது 74.

அத்தா 26 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அரிசி மூட்டைகளை ஏற்றிச் செல்வார், திரும்பும்போது தேயிலை. சில நடைகளில் வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாகக் காட்டுக்குள் இறங்கி, சாலக்குடி கடந்து, கொச்சியில் சரக்கைச் சேர்ப்பதும் உண்டு. மாதத்தில் பாதி நாள் லாரிதான் அவருக்கு வீடு. இருக்கைக்குப் பின்னிருந்த பலகையில் உறக்கம். ஓடைக் கரையில் குளியல். அங்கேயே உளூச் செய்து, துண்டை விரித்து, பயணிக்குரிய சலுகையின்படி இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுகை. வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையில் டீசல் வாடையும் தேயிலை மணமும் கலந்திருக்கும்.

இப்போது சர்க்கரை நோய் அவரது வலக்கண் பார்வையைப் பறித்துவிட்டது. இடக்கண்ணும் மங்கி வருகிறது. 2023 ஆகஸ்டில் ஒருநாள், “அதிரப்பள்ளி அருவியை ஒருமுறை பார்க்கணும்மா” என்றார்.

“அந்த வழியாகத்தானே அத்தா எத்தனையோ நடை போனீர்கள்?”

“போயிருக்கேன். பார்த்ததில்லை.”

அடுத்த மாதமே வாடகை வேன் பேசினோம். அதிகாலையில் வண்டி வந்து நின்றது. அத்தா ஏறவில்லை. ஓட்டுநர்த் தம்பியின் முகத்தைக் கூர்ந்து நோக்கி, “ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கினே?” என்றார். ஒரு கல்யாண வீட்டாரைத் திண்டுக்கல்லில் இறக்கிவிட்டு இரவு இரண்டு மணிக்குத்தான் திரும்பினாராம் அவர். அத்தா மறுபேச்சில்லாமல் திண்ணையில் பாயை விரிக்கச் சொல்லி அவரைப் படுக்க வைத்தார். புறப்படும்போது மணி பதினொன்று. என் மகன் முணுமுணுத்தான்; உண்மையைச் சொன்னால், நானும் முணுமுணுத்தேன். அன்று மாலையே அருவியைப் பார்ப்பதாக இருந்த ஏற்பாடு குலைந்துபோயிற்று அல்லவா?

ஆழியாறு அணையைத் தாண்டி, குரங்கு அருவிக்கு மேலே சாலை மலையைப் பற்றிக்கொள்கிறது. கொண்டை ஊசி வளைவுகள் 40. ஒவ்வொன்றிலும் எண் பலகை உண்டு. அத்தாவுக்குப் பலகை தேவைப்படவில்லை. கண்ணை மூடியபடியே எண்ணிக்கொண்டு வந்தார். வளைவு வருமுன் அவரது இடக்கை தன்னை அறியாமல் கியரைத் தேடியது. ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தினோம். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் வெயிலில் மின்னியது. எதிர்ப்பாறையில் இரண்டு வரையாடுகள் நின்றன. அத்தா இவை எதையும் காணாமல் தடுப்புச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப இங்கே சுவர் இத்தனை உயரமில்லே” என்றார். பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னார். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத கதை.

1989-இல் ஒரு மழை இரவு. இரண்டு நாள் உறங்காமல் மலையேறி வந்தவரை, சரக்கு விடிவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று முதலாளி அப்போதே இறங்கச் சொன்னார். மலை ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது ஓட்டுநர்களின் பாலபாடம். இறக்கத்தில் வண்டியை இஞ்சின்தான் பிடித்து நிறுத்த வேண்டும். ஓயாமல் பிரேக்கை மிதித்தால் டிரம் கொதித்து, பிடிமானம் அற்றுப்போகும். அந்தப் பாடத்தை அத்தாவின் உறக்கக் கலக்கம் மறக்கடித்தது. பிரேக் கருகும் வாடை வந்த பிறகே விழித்துக்கொண்டார். மிதித்த மிதி வெறுமனே உள்ளே போயிற்று. பள்ளத்தின் பக்கம் விடாமல் லாரியை மலைச்சுவரில் உரசி நிறுத்தினார். அச்சத்தில் வெளியே குதித்த கிளீனர்ப் பையனின் தொடையெலும்பு முறிந்தது.

“அவனுக்கு அப்ப பதினேழு வயசு. இப்பவும் சாய்ஞ்சுதான் நடக்கிறான்.”

வண்டிக்குள் யாரும் பேசவில்லை. திண்ணையில் விரித்த பாய்க்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நாம் கல்யாணத்துக்கும் சுற்றுலாவுக்கும் வேன் பேசுகிறோம். வாடகையில் நூறு ரூபாய் குறைக்க அரைமணி நேரம் வாதாடுகிறோம். நேற்று எங்கே ஓட்டினீர்கள், உறங்கினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கிறோமா? நாம் விடுதியில் உறங்கும்போது அவர் எங்கே படுக்கிறார் என்று பார்க்கிறோமா? பெரும்பாலும் வண்டிக்குள்ளேதான், கொசுக்கடியில், கால் நீட்டவும் இடமின்றி. மறுநாள் நம் பிள்ளைகளின் உயிர் அவரது கண்ணிமையில்தான் தொங்குகிறது.

கவர்க்கல்லில் மூடுபனி வழிமறித்தது. வால்பாறையில் தங்கினோம். ஓட்டுநருக்கும் ஓர் அறை எடுக்க வேண்டும் என்பதில் அத்தா பிடிவாதமாக இருந்தார். இரவுச் சாப்பாட்டையும் எங்களோடுதான் உண்ண வைத்தார்.

மறுநாள் காலை சோலையாறு அணையைக் கடந்து மளுக்கப்பாறைச் சோதனைச்சாவடியை அடைந்தோம். நுழையும் நேரத்தைக் குறித்து அனுப்புகிறார்கள். மாலைக்குப் பின் இவ்வழியில் வண்டிகளை விடுவதில்லை. யானைகள் நடமாடும் காடு. வாழச்சால் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர், கடைகண்ணி எதுவும் கிடையாது. ஒடுங்கிய சாலையில் எதிரே ஒரு பேருந்து ஏறி வந்தது. “ஏறுற வண்டிக்கு முதல் வழி, தம்பி” என்றார் அத்தா. அதைச் சொல்லும் முன்பே தம்பி ஒதுக்கி நிறுத்திவிட்டார். அத்தாவுக்கு அதில் ஒரு மகிழ்ச்சி.

வாழச்சாலில் ஆறு பாறைகளின்மீது நுரைத்துச் சரிந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் சாலையோரத்திலேயே விழுகிறது சார்ப்பா அருவி. மழை ஓய்ந்த காலமாதலால் நீர் நிறைந்திருந்தது. சாரல் சாலையை நனைத்தது. அத்தா கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டினார். தாடியெல்லாம் நீர்த்துளிகள். “இந்த இடத்திலே வைப்பரைப் போடுவேன். அவ்வளவுதான் தெரியும்” என்று சிரித்தார்.

அதிரப்பள்ளியில் சீட்டு வாங்கி, என் தோளைப் பற்றியபடி நடந்தார். 80 அடி உயரத்திலிருந்து ஆறு முழுவதுமாக விழுகிறது. அத்தா தலையைச் சற்றே திருப்பி, இடக்கண்ணால் வெகுநேரம் பார்த்தார். “சுப்ஹானல்லாஹ்” என்றதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு திரும்பி, “அந்தத் தம்பி எங்கே?” என்றார்.

என் மகன் ஓடிப்போய் அழைத்து வந்தான். கூச்சத்தோடு வந்து நின்றார் அவர்.

“பாய், நான் இங்கே பதினோரு தடவை வந்திருக்கேன். வண்டி நிறுத்துற இடத்தைத் தாண்டினதில்லே.”

அத்தா நகர்ந்து தம் அருகில் இடம் கொடுத்தார். சிறிது நேரத்தில் இருவரும் அருவியைப் பார்த்தபடியே பிரேக் டிரம்மைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.